பெங்களூரில் வீடு மாறும்போது பிராட்பேண்ட் கணக்கை முடிப்பது எப்படி?

பெங்களூரில் வீடு மாறுகிறவர்கள் ஓனரிடமிருந்து அட்வான்ஸை எப்படித் திரும்ப வாங்குவது, பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார், பேக்கர்ஸ் எவ்வளவு கேட்பார்கள் என்றுதான் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். இன்டர்நெட் கனெக்ஷன் கடைசி வாரம் வரை ஞாபகத்துக்கே வராது. அப்புறம் அவசரத்தில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு "கட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிவிடுவார்கள். பில் பின்னாலேயே வரும்.

இதில் நான் நன்றாக அலைந்துவிட்டேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு பிடிப்பார்கள், எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் பதில் வரும் வரை, கனெக்ஷனை நிறுத்தச் சொல்லி யாரிடமும் சொல்லாதீர்கள். கணக்கு முதலில், நிறுத்துவது பிறகு. கோரிக்கை ஒருமுறை பதிவாகிவிட்டால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

1. உங்கள் பிளான் எந்த வகை என்று பாருங்கள்

"நம்ம ஊரில் பிராட்பேண்டுக்கு எங்கே ஒப்பந்தம்?" என்று நினைக்கலாம். ஒப்பந்தம் இருக்கிறது, அந்தப் பெயரில் இருக்காது, அவ்வளவுதான். "முன்கூட்டியே வெளியேறும் கட்டணம்" என்று பில்லில் ஒரு வரி வருவது அபூர்வம். அது இன்ஸ்டலேஷன் சார்ஜ், ரூட்டர் விலை, திரும்பப் பெற்ற தள்ளுபடி, திருப்பித் தரப்படாத முன்பணம் என்று நாலு வேஷத்தில் வரும்.

கம்பெனி ஆப்பைத் திறந்து பிளான் பக்கத்தைப் பாருங்கள். மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிற ப்ரீபெய்ட் என்றால் தலைவலி குறைவு. நாள் முடிந்ததும் தானாக நின்றுவிடும். ஆனால் ரூட்டர் அவர்களுடையது என்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். போஸ்ட்பெய்ட் என்றால், நீங்கள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகும் பில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் மூடச் சொல்லும் வரை அவர்களாக மூட மாட்டார்கள்.

சிக்கல் மூன்றாவது வகையில்தான் அதிகம். ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று மொத்தமாகக் கட்டுகிற பிளான். "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ, ரூட்டர் ஃப்ரீ, ரெண்டு மாசம் எக்ஸ்ட்ரா" என்று விற்பனைப் பையன் சொன்ன மூன்று இலவசத்துக்கும் பின்னால் ஒரு நிபந்தனை உண்டு: முழுக் காலமும் இருந்தால்தான் அது இலவசம்.

நிபந்தனை எங்கே இருக்கும்? கனெக்ஷன் போட்ட அன்று வந்த வரவேற்பு மெயில், நீங்கள் கையெழுத்துப் போட்ட அல்லது ஓடிபி கொடுத்த விண்ணப்பப் படிவம், முதல் மாதப் பில்லின் கடைசிப் பக்கம் ஆகிய மூன்றையும் தேடி எடுங்கள். லாக்-இன் (பாதியில் விலகினால் காசு பிடிக்கும் காலம்), மினிமம் பீரியட், நான்-ரீஃபண்டபிள் என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கனெக்ஷன் மூடியபின் ஆப்பில் லாகின் ஆகாமல் போகலாம். எனவே பில்களையும் ரசீதுகளையும் இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

2. மூடுவதற்கு முன் ஷிப்டிங் முடியுமா என்று பாருங்கள்

புது வீட்டிலும் அதே கம்பெனி லைன் கொடுத்தால், வெளியேறும் கட்டணம் என்ற பேச்சே வராது. ஷிப்டிங் சார்ஜ் என்று ஒரு தொகை கேட்கலாம், கேட்காமலும் விடலாம். கேட்டாலும் பெரும்பாலும் பாதியில் விட்டுப் போவதைவிட இது மலிவு.

ஆனால் "உங்க புது ஏரியாவில் சர்வீஸ் இருக்கு சார்" என்று கஸ்டமர் கேரில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். அவர்கள் பார்ப்பது பின்கோடு. 560066 என்று போட்டால் ஒயிட்ஃபீல்டில் பெரிய வட்டாரமே அதில் அடங்கிவிடும். உங்கள் தெருவில் ஃபைபர் இருக்கிறதா, உங்கள் கட்டடத்துக்குள் வந்திருக்கிறதா என்பது தனி. தெருவில் இருந்தாலும், கம்பத்திலோ கட்டடத்திலோ தொங்குகிற, லைனை வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டியில் காலி போர்ட் இருக்க வேண்டும். எட்டு வீட்டுக்கான பெட்டியில் எட்டு வயரும் செருகியிருந்தால் ஒன்பதாவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான்.

என் விஷயத்தில் ஆப்பில் பச்சை டிக் வந்தது, கஸ்டமர் கேரும் சரி என்றார்கள். சர்ஜாபூர் ரோடு வீட்டைப் பார்க்க வந்த டெக்னீஷியன் தர்மபுரிக்காரர். மொட்டைமாடி வரை ஏறி இறங்கிவிட்டு, "அண்ணா, ரோட்டுல கேபிள் இருக்கு. உங்க அபார்ட்மென்ட்டுக்குள்ள எங்க கம்பெனிய விடல" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. பெங்களூரில் பல அபார்ட்மென்ட்களில் இந்தக் கதைதான். அசோசியேஷன் ஒன்றிரண்டு கம்பெனிகளுக்கு மட்டுமே கேபிள் இழுக்க அனுமதி கொடுத்திருக்கும். எனவே வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே வாட்ச்மேனிடமும் பக்கத்து வீட்டிலும் "இங்கே எந்த நெட் வருது?" என்று கேட்டுவிடுங்கள். காவிரித் தண்ணீர் வருமா, போர்வெல்லா என்று கேட்கிற அதே மூச்சில் இதையும் கேட்டால் ஆயிற்று.

ஷிப்டிங் முடியும் என்றால் மூன்றைக் கேட்டு மெயிலில் வாங்குங்கள். பழைய பிளானே தொடருமா, புதுப் பிளானுக்கு மாற்றுவார்களா? ஏற்கெனவே முடிந்த மாதங்கள் லாக்-இன்னில் கழியுமா, கணக்கு முதலிலிருந்து தொடங்குமா? லைன் இல்லாத நாட்களை வேலிடிட்டியில் சேர்ப்பார்களா? இதில் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால், ஷிப்டிங் என்ற பெயரில் இன்னொரு வருடத்துக்குக் கட்டிப்போட்டுவிடுவார்கள்.

ஷிப்டிங் முடியாது என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அது உங்களுக்குச் சாதகமான காகிதம். "நான் தொடரத் தயார், நீங்கள்தான் அங்கே சேவை தர முடியாது என்கிறீர்கள்" என்று சொல்லிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். கேட்கிறவர்களுக்குக் குறைப்பதுண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் குறைப்பதில்லை.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை கட்டுப்படியாகாமல் ஓசூருக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. தொலைத்தொடர்பிலும் அது வேறு வட்டம். கம்பெனி ஒன்றுதான் என்றாலும், கர்நாடகக் கணக்கை மூடிவிட்டுத் தமிழ்நாட்டில் புதிதாக எடுக்கச் சொல்ல வாய்ப்பு அதிகம். 080 லேண்ட்லைன் எண்ணும் கூட வராது. அந்த எண்ணை பேங்கிலோ கேஸ் புக்கிங்கிலோ கொடுத்திருந்தால் முதலில் மாற்றிவிடுங்கள்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. சில மாதம் ஊருக்குப் போய்விட்டு இங்கேயே திரும்பி வருவீர்கள் என்றால், தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். கூட இருக்கும் நண்பரோ அடுத்து வரும் குடித்தனக்காரரோ அதே லைனை எடுத்துக்கொள்வதாக இருந்தால், பெயர் மாற்றம் செய்யலாம். புதிதாக அவருடைய அடையாள ஆவணங்களைக் கொடுக்க வேண்டியிருக்கும். "பேரெல்லாம் எதுக்கு மாத்தணும், மாசாமாசம் நான் கட்டிடறேன்" என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த லைனில் யார் என்ன செய்தாலும் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான்.

3. வெளியேறும் கணக்கை எழுத்தில் கேளுங்கள்

போனில் கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். பதிவு செய்த மெயிலிலிருந்து, கஸ்டமர் ஐடியைப் போட்டு, ஒரு மெயில் அனுப்புங்கள். அதில் கேட்க வேண்டியவை:

- இன்ன தேதியில் மூடினால் நான் கட்ட வேண்டியது எவ்வளவு, ஜிஎஸ்டியோடு?
- மீதி மாதங்களுக்கான முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? எந்த நிபந்தனைப்படி?
- பயன்படுத்திய மாதங்களுக்கு எந்த விலை போடுகிறீர்கள்?
- ரூட்டரைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கான கட்டணம் முழுவதும் நீங்குமா?
- டெபாசிட் இருக்கிறதா, எப்போது வரும்?

மூன்றாவது கேள்வி ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டால் புரியும். மாதம் 800 ரூபாய் பிளான். பத்து மாதத்துக்குக் கட்டினால் பன்னிரண்டு மாதம் என்று சலுகை. 8,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 1,440 ரூபாயும் சேர்த்து 9,440 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். ஏழு மாதம் முடிந்து வீடு மாறுகிறீர்கள். ஐந்து மாதம் மீதி இருக்கிறது, கிட்டத்தட்ட 3,900 ரூபாய் வரும் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். கம்பெனி அப்படிப் போடாது. சலுகை ரத்து, ஏழு மாதமும் முழு விலை என்று 5,600 ரூபாயோடு ஜிஎஸ்டி சேர்த்து 6,608 ரூபாய் கழித்துவிடும். மீதி 2,832. அதிலிருந்து "இலவச" இன்ஸ்டலேஷனுக்கு 1,500 ரூபாயும் ஜிஎஸ்டியும், ஆக 1,770 ரூபாய் போகும். கைக்கு வருவது 1,062. முன்பணம் திருப்பித் தரப்படாது என்று நிபந்தனை எழுதியிருந்தால் அதுவும் வராது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றையும் யோசியுங்கள். சில சமயம் வெளியேறாமல் இருப்பதே லாபம். லாக்-இன் முடிய இரண்டே மாதம்தான் மீதி, மாதம் ஜிஎஸ்டியோடு 590 ரூபாய், வெளியேறினால் 1,770 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு மாதம் சும்மா ஓடவிட்டால் 1,180 ரூபாயோடு முடிந்துவிடும். அந்த இரண்டு மாதத்துக்குக் குறைந்த விலை பிளானுக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள். முடிந்தால் செலவு இன்னும் இறங்கும். ஆனால் ரூட்டரைப் பழைய வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கழற்றிக் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். லாக்-இன் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்காவிட்டால் இந்த லாபம் மூன்றாவது மாதமே கரைந்துவிடும்.

மூடப்போவதாகச் சொன்னவுடன் "தக்கவைப்புப் பிரிவு" ஒன்றிலிருந்து போன் வரும். பாதி விலை, வேகம் இரட்டிப்பு என்று சலுகை சொல்வார்கள். புது வீட்டில் லைனே வராது என்றால் அந்தச் சலுகையால் உங்களுக்கு என்ன பயன்? அதே ஆளிடம், "சலுகை வேண்டாம், வெளியேறும் கட்டணத்தைக் குறையுங்கள்" என்று கேளுங்கள். முதல் வரிசையில் போன் எடுப்பவருக்கு இல்லாத அதிகாரம் இவருக்குக் கொஞ்சம் இருக்கும்.

4. காகிதங்கள்

கஸ்டமர் ஐடி, பதிவு செய்த மொபைல் எண், கடைசி மூன்று பில், முன்பணம் கட்டிய ரசீது, டெபாசிட் ரசீது, விண்ணப்பப் படிவத்தின் நகல். ரீஃபண்டுக்கு ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம். ஷிப்டிங் என்றால் புது வீட்டு ரென்ட் அக்ரிமென்ட்டும் தேவை. பதினொரு மாத ஸ்டாம்ப் பேப்பர் அக்ரிமென்ட் போதும், கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஓனரிடம் சீக்கிரம் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆதார் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள்.

மொபைல் எண் விஷயத்தில் கவனம். பெங்களூருக்கு வந்த புதிதில் எடுத்த சிம் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள், இப்போது அது செத்துப்போயிருக்கும். ஓடிபி அதற்குத்தான் போகும். ஆள் தலையிட்டு எண்ணை மாற்ற நாளாகும் என்பதால் இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். கனெக்ஷன் ஓனர் பெயரிலோ, காலி செய்துவிட்டுப் போன பழைய ரூம்மேட் பெயரிலோ இருந்தாலும் இதே கதைதான். அவரைப் பிடிக்காமல் எதுவும் நகராது.

5. எந்தத் தேதியில் மூடுவது

வீடு மாறும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு ஷிப்டிங் விசாரணை, இரண்டு வாரம் முன்பு கணக்கு கேட்டு மெயில், ஒரு வாரம் முன்பு மூடும் கோரிக்கை. இந்த வரிசை எனக்குச் சரியாக வந்தது. போஸ்ட்பெய்ட் என்றால் பில் சுழற்சி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். சுழற்சி 5-ஆம் தேதி தொடங்கினால், 7-ஆம் தேதி மூடுவதற்குப் பதில் 3-ஆம் தேதியோடு மூடினால் ஒரு மாதப் பில்லைப் பற்றிய வாக்குவாதமே வராது. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவார்களா, முழு மாதம் போடுவார்களா என்று மெயிலில் இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கோரிக்கையில் மூட வேண்டிய தேதியைத் தெளிவாக எழுதுங்கள். "சீக்கிரம்" என்று எழுதினால் மறுநாள் காலை மீட்டிங் நடுவில் லைன் போய்விடும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் புது லைன் ஓடத் தொடங்கும் வரை பழையதை விடாதீர்கள். ஆடி மாதம் வீடு மாறுகிறவர்கள் குறைவு என்பதால் டெக்னீஷியன் சொன்ன நாளில் வந்துவிடுவார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் மாறினீர்கள் என்றால் இரண்டு நாள் தள்ளித்தான் எதிர்பார்க்க வேண்டும்.

கோரிக்கை பதிவானதும் ஒரு எண் தருவார்கள். அது எஸ்எம்எஸ்ஸில் வந்ததா என்று பாருங்கள். "பதிவு பண்ணிட்டேன் சார்" என்ற வாய்வார்த்தை போதாது.

6. ரூட்டரைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள்

பாதிச் சண்டை இங்கேதான் வருகிறது. வீட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கலாம். ஃபைபர் வயர் நேராகச் செருகியிருக்கும் பெட்டி ஓஎன்டி. அது பெரும்பாலும் கம்பெனியுடையது. வைஃபை ரூட்டர் தனியாக இருந்தால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கியதா என்று பில்லைப் பாருங்கள். உங்களுடையது என்றால் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பொதுவான ரூட்டர் என்றால் அடுத்த கம்பெனியின் ஓஎன்டியில் மாட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிலவற்றில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும், அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கொடுப்பதற்கு முன் ரூட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். அடாப்டர், கூட வந்த வயர் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி இன்னொரு படம். பின்பக்கம் உள்ள சின்ன ரீசெட் ஓட்டையில் ஊசியால் அழுத்திப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அழித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு எடுக்க வந்த பையன் ஒரு கோணிப்பையோடு வந்தார். அதற்குள் ஏற்கெனவே ஏழெட்டு ரூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, அடாப்டர் வயர்கள் எல்லாம் சிக்கு விழுந்து கிடந்தன. எதிலும் யாருடையது என்று ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. என்னுடையதையும் அதில் போடப் போனார். ரசீது கேட்டதற்கு, "ஆப்ல அப்டேட் ஆயிடும் சார்" என்றார். நான் விடவில்லை. ரூட்டரின் சீரியல் எண், தேதி, "அடாப்டருடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி அவருடைய எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். சலித்துக்கொண்டே அனுப்பினார். அடுத்த மாதம் வந்த கடைசி பில்லில் "சாதனம் திருப்பித் தரப்படவில்லை" என்று ஒரு தொகை இருந்தது. அந்த வாட்ஸ்அப் படத்தை மெயிலில் இணைத்த பிறகுதான் அது நீங்கியது.

எடுக்க ஆளே வரவில்லை என்றால் வீட்டைக் காலி செய்யும் நாள் வரை காத்திருக்காதீர்கள். பக்கத்துக் கிளை அலுவலகத்தில் வாங்குவார்களா என்று கேட்டு, நேரில் கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்குங்கள். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். பாவம், அவர் என்ன செய்வார்?

சுவரில் ஓடும் ஃபைபர் வயரை வெட்டாதீர்கள். அடுத்து வருகிறவருக்குப் பயன்படும். ஓனர் சுவரில் போட்ட ஓட்டைக்குக் காசு பிடிப்பேன் என்று கிளம்பினால், பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை ஏற்கெனவே பிடிப்பதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

7. ஆட்டோபேயை நிறுத்துங்கள்

கனெக்ஷனை மூடினால் ஆட்டோபேயும் தானாக நின்றுவிடும் என்று இருக்காதீர்கள். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேன்டேட் பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம். கார்டு என்றால் பேங்க் தளத்தில் ரத்து செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாமல் படியுங்கள். ஆனால் ஒரு விஷயம்: ஆட்டோபேயை நிறுத்துவது கனெக்ஷனை மூடுவது ஆகாது. "பணம் போகலைன்னா அவங்களே கட் பண்ணிடுவாங்க" என்று விட்டால் பாக்கி ஏறும். வசூல் ஏஜென்சியிலிருந்து போனும் வக்கீல் நோட்டீஸும் வரும், கிரெடிட் ரிப்போர்ட்டிலும் அது ஏறக்கூடும். ஹோம் லோன் போடப் போகிறவர்கள் ஆயிரம் ரூபாய்க்காக இந்த வம்பை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளானோடு இலவசமாக வந்த ஓடிடி சந்தாக்களும் போய்விடும். பாதியில் விட்ட சீரியல் இருந்தால் அதற்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

8. கடைசி பில், பாக்கியில்லாச் சான்று, ரீஃபண்ட்

கடைசி பில் வந்ததும் மெயிலில் சொன்ன தொகையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் கட்டிவிட்டு, "பாக்கி எதுவும் இல்லை, கணக்கு மூடப்பட்டது" என்று ஒரு மெயில் கேளுங்கள். தவறு இருந்தால் சரியான பகுதியை மட்டும் கட்டிவிட்டு, மீதியை ஏன் கட்டவில்லை என்று காரணம் எழுதிப் புகார் போடுங்கள்.

டெபாசிட் திரும்ப வர, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் காலக்கெடு வைத்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு மூடி 45 நாளைத் தாண்டக் கூடாது. அதற்குள் வராவிட்டால் புகார் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ரீஃபண்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மோசடிக்காரர்களின் கண் உங்கள்மேல் விழும். கூகுளில் தேடிக் கிடைக்கிற கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் போடாதீர்கள், பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. யாராவது லிங்க் அனுப்பிப் பின் போடச் சொன்னால் போனை வையுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

9. சண்டை போட வேண்டி வந்தால்

படிப்படியாகத்தான் போக வேண்டும். முதலில் கம்பெனியின் புகார் மையம். ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண், அதாவது புகார்ப் பதிவு எண் தர வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. 2012-ஆம் ஆண்டு டிராய் விதிமுறைப்படி அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இப்படி ஒரு அதிகாரி இருப்பதையே கஸ்டமர் கேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கம்பெனி இணையதளத்தின் அடியில், பொடி எழுத்தில் அவருடைய மெயில் இருக்கும்.

பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். டிராய் தனி ஆளின் புகாரை விசாரித்துத் தீர்ப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளம் வழியாக எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசிச் சேவைப் புகாரோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஓசூருக்கு மாறியிருந்தால் பெங்களூருக்கு வந்து நிற்க வேண்டியதில்லை. புகாரை ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

மேல்முறையீட்டில் எழுதும்போது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்கிறது அது. ரூட்டரையும் திரும்ப வாங்கிக்கொண்டு, முழு லாக்-இன் காலப் பணத்தையும் கம்பெனி கேட்டால், "உங்களுக்கு என்ன நஷ்டம் என்று காட்டுங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்த் தகராறுகள் பெரும்பாலும் ஆணையம் வரை போவதில்லை. மேல்முறையீட்டு மெயிலிலேயே முடிந்துவிடும் என்பதுதான் நான் பார்த்தது.

10. புது வீட்டில் கனெக்ஷன் எடுக்கும்போது

பதினொரு மாத அக்ரிமென்ட் வீட்டுக்குப் பன்னிரண்டு மாத பிளான் எடுக்காதீர்கள். மூன்று மாதம் மாதாமாதம் கட்டி, மழைக்காலத்தில் லைன் நிற்கிறதா, ஓனர் மனுஷன் எப்படி என்று பார்த்துவிட்டு அப்புறம் நீளமான பிளானுக்குப் போகலாம். ரூட்டர் வாடகையா, சொந்தமா என்று கேட்டுப் பில்லில் வரவழையுங்கள். விற்பனைப் பையன் சொல்லும் சலுகைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேணாம் சார், என்னை நம்புங்க" என்றால் அடுத்த கம்பெனிக்காரருக்குப் போன் போடுங்கள்.